ரூபாய் இல்லாத ஐ.என்.ஆர்.

பிள்ளைகளா, சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது எனக்கு இதயத்தில் வால்வு மாற்றியது உங்களுக்குத் தெரியும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்றுதான் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். அதன் வேலை குறைந்தால் வால்வு அடைக்கும்; கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அதற்குத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

ஊரோடு வந்தபின் பொன்னமராவதியில் முதல் தடவை ரத்தம் கொடுத்தேன். வீட்டில் அந்தப் பரிசோதனை முடிவுத் தாளையும் சிங்கப்பூர்த் தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ரத்தம் உறைய அங்கே இருபத்து நான்கு விநாடி, இங்கே முப்பத்தொன்று. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பிடுவது அதே மாத்திரைதானே!

"ரத்தம் தண்ணியாப் போச்சுங்க. இன்னைக்கு மாத்திரையத் தொடாதீங்க" என்றாள் உங்கள் அம்மா.

"நிறுத்துனா அடைச்சுக்கிருமே?"

"அப்ப டாக்டரக் கேப்போம். மொதல்ல சட்டைய மாத்துங்க."

டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குப் பதறுறீங்க?"

"ஏழு விநாடி கூட இருக்கே சார்?"

"அதுக்குக் கீழ உள்ள வரியப் படிங்க."

கீழே ஐ.என்.ஆர். என்றிருந்தது. அங்கே 2.6, இங்கேயும் 2.6.

"அது ரூபாக் கணக்குல்ல?" என்றேன். வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதிலெல்லாம் இந்திய ரூபாயை அப்படித்தான் போட்டிருக்கும். அதனால் அந்த வரியை நான் படித்ததே இல்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டு ரூபா அறுபது காசுக்கு எங்கங்க ரத்தம் பாக்குறாங்க? நானும் வாரேன்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தை உறையவைக்க ஊற்றும் மருந்து லேப்புக்கு லேப் மாறும். ஒன்று சீக்கிரம் உறையவைக்கும், இன்னொன்று மெதுவாக. ஆகவே விநாடியை வைத்து ஒப்பிடக் கூடாது. எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு மருந்தோடு சரிபார்த்து, அந்த வித்தியாசம் போகக் கணக்குப் போட்ட எண்தான் ஐ.என்.ஆர்.

"சின்னப் படியில அளந்தா நெல்லு கூடுன மாதிரித் தெரியும். தராசுல வச்சா அதே கிலோதான். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

வெளியே வந்ததும் உங்கள் அம்மா சொன்னாள், "நல்லவேளை, கேக்க வந்தோம்."

நீங்கள் எந்த நாட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாலும் அந்த ஒரு வரியைப் பாருங்கள், போதும்.

அன்று சாப்பிட்டதும் உங்கள் அம்மா தண்ணீரோடு வந்து நின்றாள்.

"ரெண்டு ரூபா அறுபது காசுக்காரரே, மாத்திரையப் போடுங்க."

போட்டுக்கொண்டேன்.