மகாஓயாத் தெருவில் எதிரே வந்த வண்டிகள்

"பிள்ளைகளைக் காணாமல் என் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன்" என்று என் தங்கை சொல்லிவிட்டாள். அவள் கிடந்தது பதுளை ஆசுபத்திரியில். அவளுடைய மூன்று பிள்ளைகளும் இருந்தது என்னிடம், பழுகாமத்தில். நடுவில் ஒரு பெரிய காடு, அதற்கு மேல் மலை.

இது 1936ஆம் ஆண்டு யூன் மாதம் நடந்தது. தங்கையின் புருஷனுக்குப் பதுளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை. தங்கைக்கு வயிற்றில் கட்டி வளர்ந்து உடம்பு இளைத்தபோது, அவர் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போனார். நான் கலியாணம் முடிக்காதவள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மூத்தவள் ஞானத்துக்கு வயது ஏழு. இரண்டாவது ரத்தினத்துக்கு நாலு. கடைக்குட்டி தம்பிராசா நடக்கத் தொடங்கியிருந்தான்.

வெட்டிச் சுகமாக்கக்கூடிய பெரிய டொக்டர் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை வருகிறார், அந்த நாளைத் தவறவிட்டால் அவர் திரும்ப எப்போது வருவாரோ தெரியாது, தங்கை பிடிவாதமாக இருக்கிறாள் என்று மைத்துனர் எழுதியிருந்தார். அவரால் அவளை விட்டு வர முடியாது. கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நான் இலகுவில் அழுகிறவள் அல்ல. அன்று அழுதேன்.

அழுகை முடிந்ததும் வழி பார்த்தேன். ரயில் நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் பதுளைக்குப் போகும். பஸ் நேரே போகும். ஆனால் எதில் போனாலும், என்னிடம் இருந்த பணத்தில் போகலாமே தவிரத் திரும்பி வர முடியாது. ஆசுபத்திரிச் செலவுக்கு மைத்துனர் ஏற்கனவே இருந்ததையெல்லாம் விற்றிருந்தார். அவரிடம் கேட்க மனம் வரவில்லை. ஆகவே மாட்டு வண்டி.

வண்டியும் மாடும் என் மச்சான் கந்தப்போடியுடையவை. அவர் என் அப்பாவின் அக்காள் மகன். எங்கள் ஊர் வட்டையில் நெல் விதைக்கிறவர். எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் அல்ல, சித்தாண்டி முருகனைக் கும்பிடுகிறவர். நான் கேட்டதும், "பிள்ளைகளுக்கெண்டா நான் வராம ஆர் வாற?" என்றார். கூலி என்ற பேச்சை எடுக்க விடவில்லை.

பிள்ளைகளோடு நீண்ட வழி போவதென்றால் ஆயத்தம் முழுவதும் வீட்டிலேயே முடிய வேண்டும் என்பது என் எண்ணம். அரிசி இடித்து வறுத்து மா எடுத்தேன். கருவாடு, தேங்காய், புளி, மல்லி எல்லாம் வீட்டிலிருந்தே கட்டினேன், வழிக் கடைகளில் கை வைக்கக் கூடாது என்று. காட்டுக் காய்ச்சலுக்குக் கொயினா வாங்கினேன். தம்பிராசாவுக்கு வண்டிக் கூடாரத்தில் சீலையால் ஏணை கட்டினேன். வண்டி ஆட அதுவும் ஆடும், தனியாக ஆட்ட ஆள் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் எத்தனை தரம் இறங்க வேண்டி வரும், எந்தெந்த வழிப்போக்கர் அம்பலத்தில் படுக்கலாம், எங்கே நல்ல தண்ணீர் என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கம் போய் வந்தவர்களிடம் விசாரித்தேன்.

மச்சான் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர் மச்சாள், இது வண்டியா, பள்ளிக்கூடமா? மாட்டுக்கும் பாட நேரம் போட்டிரிக்கிங்களோ?"

"மாடு என்ர சொல்லுக் கேக்கும். மச்சான் கேக்கமாட்டார். அவருக்குத்தான் போட்டது" என்றேன்.

புறப்படுமுன் முழங்காலில் நின்று ஜெபித்தேன். எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் ஜெபத்திலே சொன்னேன்.

டொக்டர் வரும் வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் முந்தின புதன்கிழமை விடியப் புறப்பட்டோம். பெரிய கரைச்சல் ஒன்றும் இல்லை. செங்கலடிச் சந்தியில் மச்சான் வண்டியை நிறுத்தி, சித்தாண்டிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பக்கத்தாலயும் சொல்லி வெச்சிரிக்கம்" என்றார். புல்லுமலைக் காட்டுக்குள் மயில் கண்டு பிள்ளைகள் கூத்தாடினார்கள். கருவாடும் சோறும் அவர்களுக்கு அலுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் மகாஓயாவை அடைந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் பயணம் பண்ணுவதில்லை. அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது. பிள்ளைகளை அதில் குளிப்பாட்டி, பாட்டுப் பாடி, வேதம் வாசித்தேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "உங்கட ஆண்டவர் லீவு எடுக்கிற நேரத்தில நாம பாதி வழி போயிருப்பம்" என்று முணுமுணுத்தபடி மாட்டைக் குளிப்பாட்டினார்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, பிபிலைக்குப் போகும் காட்டு வழியில், வண்டி நின்றது.

"மச்சாள், இறங்குங்க. சின்னவன் நொண்டுறான்."

சின்னவன் என்பது வலப்பக்கத்து மாடு. மச்சான் அதன் காலைத் தூக்கிக் காட்டினார். குளம்பு தேய்ந்து, வெடித்து, இரத்தம் கசிந்தது. மற்ற மாட்டின் குளம்பும் அந்த நிலைக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் மாடுகளுக்கு லாடம் இல்லை. எங்கள் கரையில் எவரும் மாட்டுக்கு லாடம் அடிப்பதில்லை. சேற்றிலும் மணலிலும் நடக்கிற மாட்டுக்கு அது எதற்கு? மச்சான் வாழ்நாளில் செங்கலடிச் சந்திக்கு அப்பால் வண்டி ஓட்டினதில்லை. கல் றோட்டில் இத்தனை நாள் நடந்தால் வெறுங் குளம்பு என்னவாகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரு பக்கமும் காடு. சற்று முன்புதான் யானை இலத்தி கண்டிருந்தோம். பொழுது சாய்வதற்குள் எங்காவது போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் பதுளைக்குப் போய்ச் சேர வேண்டும். மாடு ஒரு அடி வைக்கவில்லை.

தம்பிராசாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மதகின் மேல் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, ஒரு பஸ்ஸை அனுப்பும். வருவது வரட்டும், பணத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று ஜெபித்தேன். பஸ் வந்தது. கூரை மேலும் ஆள் இருந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து இரங்கி, "ஒராளுக்கு இடம் இருக்கு, வாறீங்களா?" என்றான். ஒருத்தி போய் என்ன செய்ய? தங்கை கேட்டது என்னை அல்ல. பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபத்தில் சொற்கள் வரவில்லை. "எங்களைப் பாரும்" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். ஞானம் என் பக்கத்தில் வந்து நின்று, "பெரியம்மா, அம்மா நமக்காகக் காத்திருப்பாவா?" என்று கேட்டாள். "ஓம் மனே, இருப்பா" என்றேன். அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. ஆனால் அது மேலேயிருந்து வந்தது. நாங்கள் போக வேண்டிய பக்கத்திலிருந்து நாலு வண்டிகள் பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு எதிரே இறங்கி வந்தன. ஏறாவூர்ச் சோனகர், அதாவது முஸ்லிம்களின் வண்டிகள். கீழே போகிறவர்களால் எங்களுக்கு என்ன உதவி என்று நினைத்தேன்.

முன் வண்டிக்காரர் இறங்கினார். நரைத்த தாடி, இடுப்பில் அகலமான வார். பிறகு அறிந்தேன், அவர் பெயர் அகமதுலெவ்வை.

"என்ன தம்பி, மாடு தெருவ விலைக்கு வாங்கிட்டா?"

"குளம்பு தேஞ்சு போச்சு காக்கா" என்றார் மச்சான்.

"லாடம் எங்க?"

"லாடமா? எங்கட வட்டைக்குள்ள லாடம் அடிச்சா சேத்துக்குள்ள கழண்டு கிடக்கும்."

"மலையில ஏர் பூட்டவா போறீங்க?" என்றார் அவர். பின் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் கறுத்தது. நான் எழுந்து, எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

அவர் சின்னவனைச் சுற்றி வந்தார். காலைப் பார்த்தார். பிறகு அதன் தொடையில் கை வைத்து நின்றுவிட்டார். அங்கே சுட்ட குறி இருந்தது. எங்கள் பகுதியில் தாய் வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு குறி உண்டு. அந்தக் குடியாரின் மாட்டிலெல்லாம் அதைச் சுடுவார்கள்.

"இது ஆர்ர குறி?"

"எங்கட குடிக் குறிதான் காக்கா."

"வாவிக்கு அங்கால, படுவான்கரையா?"

"ஓம். பழுகாமம்."

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட வாப்பா இருக்கக்குள்ள ஒரு வெள்ளம் வந்த. எங்கட எருமை ரெண்டு ஆத்தோட போய் அந்தக் கரையில ஏறிட்டு. இந்தக் குறிக்காரர்தான் புடிச்சுக் கட்டி, வெள்ளம் வத்துமட்டும் தீனி போட்டு, ஏறாவூருக்கு ஆள் அனுப்பின. ஒரு சல்லி வாங்கல்ல."

"அது ஆர் எண்டு தெரியுமா?" என்று மச்சான் கேட்டார்.

"பேர் தெரியா. குறி தெரியும்."

இவ்வளவுதான் பேச்சு. அவர் கடைசி வண்டிக்குப் போய், பின்னால் கட்டியிருந்த இரண்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மலை ஏறும்போது பாரம் இழுக்க மேலதிகமாகப் பூட்டுகிற சோடி அது.

"ஏத்தத்துக்கெண்டு வெச்ச சோடி இது. இறக்கத்தில சும்மாதான் பின்னால நடந்து வருகுது. கொண்டு போங்க. திரும்பி வரக்குள்ள ஏறாவூரில விடுங்க. உங்கட சோடிய நான் பாரமில்லாம மெதுவா மகாஓயாவுக்குக் கொண்டு போய், தெரிஞ்ச ஆளிட்ட விட்டு, காலுக்கு மருந்து கட்டி வெக்கிறன்."

"எங்கள ஆரெண்டு தெரியாம எப்படி நம்பித் தாறீங்க காக்கா?" என்றேன்.

"உங்கட மாடு ரெண்டும் என்னட்டத்தானே இரிக்கி தங்கச்சி! நட்டம் எனக்கில்ல" என்று சொல்லி அவர் சிரித்தார்.

ரத்தினம் குனிந்து புது மாட்டின் காலைப் பார்த்தாள். "பெரியம்மா, இதுகளுக்குச் சப்பாத்து இரிக்கி!" என்று கத்தினாள். அதற்கு மச்சானும் சிரித்தார்.

வண்டி நகர்ந்தபின்தான் எனக்கு அது உறைத்தது. அந்த வண்டிகள் எங்களோடு மேலே ஏறுகிறவையாக இருந்திருந்தால், அந்தச் சோடி அவர்களுக்கே தேவைப்பட்டிருக்கும். தர மனம் இருந்திருக்கும், தர முடிந்திராது. இறங்கி வந்தபடியால்தான் அது சும்மா இருந்தது. நான் எந்தப் பக்கத்தை வெறுமையாகப் பார்த்தேனோ அந்தப் பக்கத்திலிருந்தே கர்த்தர் அனுப்பினார். இதை மச்சானிடம் சொன்னேன். அவர் மாடுகளை ஒரு தரம் தட்டி ஓட்டினார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நிக்காட்டி மாடு நேத்தே நொண்டியிருக்கும், இவங்க வருமட்டும் ராவெல்லாம் காட்டுக்குள்ள கிடந்திருப்பம்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததை நான் அன்றே எழுதி வைத்தேன்.

லுணுகலை ஏற்றத்தை அந்த மாடுகள் தலை நிமிர்ந்து ஏறின. வியாழக்கிழமை பொழுது சாயுமுன் ஆசுபத்திரி வாசலில் இறங்கினோம்.

தங்கை எலும்பாக இருந்தாள். பெண் பிள்ளைகள் இருவரும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். தம்பிராசா தாயை மறந்துவிட்டான். அவள் கை நீட்ட, அவன் வீரிட்டு அழுது என் தோளில் முகம் புதைத்தான். அவளோ சிரித்தாள்.

"அக்கா, இவன் என்னோட கோபம். இந்தக் கோபம் மாறுமட்டும் நான் சாக ஏலா" என்றாள். பிறகு தாதியிடம் திரும்பி, "டொக்டரிட்டச் சொல்லுங்க, நாளைக்கு வெட்டட்டாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வெட்டினார்கள். கட்டி முழுவதும் எடுபட்டது. டொக்டர் வெளியே வந்து மைத்துனரின் தோளில் தட்டினார். நான் ஆசுபத்திரி விறாந்தையில் முழங்காலிட்டேன். அன்றும் எனக்குச் சொற்கள் வரவில்லை. அன்று அவை தேவைப்படவும் இல்லை.

தங்கை தேறும்வரை பிள்ளைகள் மறுபடி என்னோடு வந்தார்கள். திரும்பும் வழியில் மகாஓயாவில் சின்னவன் நாலு காலிலும் ஊன்றி நின்றதைக் கண்டு மச்சான் அதன் நெற்றியை முத்தமிட்டார். ஏறாவூரில் மாடுகளைக் கையளித்தபோது, அகமதுலெவ்வைக் காக்காவின் மனைவி பிள்ளைகளுக்கு இனிப்பு வட்டிலப்பம் கொடுத்தார். அன்று தொடக்கம் எங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வருகிறார்கள், அவர்கள் பெருநாளுக்கு நாங்கள் போகிறோம்.

என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பு அது மேலிடத்துக்கு எழுதும் விண்ணப்பம் போல இருக்கும்: தேவை இது, நாள் இது, தர வேண்டிய விதம் இது. இப்போதும் நான் ஆயத்தம் செய்கிறேன், எதையும் விடாமல் செய்கிறேன். ஆனால் எப்படித் தர வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

சபையாரே, உங்களில் சிலர் மலைப் பக்கத்தில் புருஷனோ தாயோ இருந்தும், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கையில் பணமும் இல்லாமல், எப்படிப் போவது என்று வருஷக் கணக்காகத் தள்ளிப் போடுகிறீர்கள். எனக்குத் தெரியும். நெல் அரிவி வெட்டு முடிந்ததும் மச்சானும் நானும் தங்கையைப் பார்க்க மறுபடியும் புறப்படுகிறோம். கர்த்தர் எங்களைப் பார்த்தார், உங்களையும் பார்ப்பார். வண்டியில் ஒரு தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது. பயப்படாமல் வந்து சொல்லுங்கள்.