என் நாவூறும் ஒரு லைன்பேக்கரும்

நான் யாரையாவது மனதாரப் புகழ்ந்தால் அடுத்த கிழமைக்குள் அவருக்கு ஏதாவது முறியும். இதை நானாகச் சொல்லவில்லை. என் மனைவி சொல்கிறாள். எங்கள் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் சொல்கிறார்கள். கடைசியில், புள்ளிவிவரத்தைத் தவிர வேறெதையும் நம்பாத என் நண்பரும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பைத்தியம் கல்லூரி ஃபுட்போலில். உருண்டைப் பந்து அல்ல; இரண்டு முனையும் கூரான பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓட, எதிரணி அவனை விழுத்தும் ஆட்டம். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த சனிக்கிழமை வேலை, ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் காவல். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வையாளர்களை மட்டும் பார்க்கவேண்டும் என்பது விதி. முன்னால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தால், பின்னால் என்ன நடந்தது என்று பார்க்காமல் எப்படி நிற்பது? நாலாவது சனிக்கிழமை திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வருடமாக அந்த அணிக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தைவிட எனக்கு வெறி, ஆள் எடுப்பதில். இங்கே பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சீஜெப் என்று இரண்டு வருடக் கல்லூரி உண்டு. அங்கே நன்றாக ஆடுகிறவர்களைப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைப்பார்கள். வீட்டுக்குப் போவார்கள், தாயின் சமையலைப் புகழ்வார்கள், மற்றப் பக்கம் எவ்வளவு சொன்னது என்று மெல்லக் கேட்பார்கள். எங்கள் ஆட்களின் கலியாணப் பேச்சுக்கால் எப்படியோ அப்படியே. பெப்ரவரியில் பிள்ளைகள் யாருக்கு ஒப்பம் வைக்கிறார்கள் என்று தெரியும்வரை நாளுக்குப் பத்துத் தரம் இணையத்தைத் திறந்து பார்ப்பேன்.

இதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. ஆட்டக்காரர்கள் இணையத்தில் போடும் வீடியோவை நம்பவே கூடாது. அது சம்பந்தம் பேச அனுப்பும் படம். நல்ல பக்கம் மட்டும்தான் தெரியும். வேகத்துக்கும் மயங்கக்கூடாது. பிழையான இடத்துக்கு வெகு வேகமாக ஓடிப்போனவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பந்து தன் பக்கம் வராதபோது ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டும். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றால் அவன் உதவமாட்டான்.

இதையெல்லாம் இரண்டு இடத்தில் எழுதிவந்தேன். ஒன்று, புரோசார்ட்டில் இருக்கும் சென்னைக்கார நண்பருக்கு வட்ஸ்அப்பில். அவர் பொறியியலாளர், எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறவர். மற்றது, ரசிகர்களின் பிரெஞ்சு இணையத்தளம் ஒன்றில், என் சொந்தப் பெயரில், என் சொந்த இலக்கணத்தில்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு பையன் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் அழகைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அவனுக்குக் கணுக்கால் பிசகியது. இன்னொருவனுக்குத் தங்கக் கை என்று கோயில் அன்னதானத்தில் நாலு பேருக்கு முன்னால் சொன்னேன். அவன் கார்க்கதவில் பெருவிரலை நசுக்கிக்கொண்டான். மூன்றாவதாக, கவனமாக, பந்தை உதைக்க மட்டும் வரும் ஒருவனைத் தெரிந்தெடுத்தேன். அவனை யாரும் தொடுவதில்லை, அடிபட வழியே இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளிப்பான் அம்மை வந்தது.

"வாயை வைச்சிட்டியளோ?" என்றாள் மனைவி. "உங்கட நாவூறு பொல்லாத நாவூறு. தாய்மார் பெத்து வளர்த்த பிள்ளையளை விடுங்கோவன்."

கணுக்காலுக்கும் பெருவிரலுக்கும், "எல்லாம் தற்செயல்தான், சார்" என்றிருந்த பொறியியலாளர், கொப்புளிப்பானோடு மாறினார். "சார், நம்ம டீம் ஆளுங்களைப் பத்தி மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் எழுதாதீங்க."

இந்த நிலையில்தான் அவனைக் கண்டேன். போன வருடம், ஒக்டோபர், ஒரு சீஜெப் ஆட்டம். தமிழ்ப் பையன், இல்-பிசாரில் வீடு. சட்டையின் முதுகில் தகப்பன் பெயர் ஒரு கமக்கட்டில் தொடங்கி மற்றக் கமக்கட்டில் முடிந்தது. அறிவிப்பாளர் அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு இலக்கத்தை மட்டும் சொன்னார். அவன் ஆடியது லைன்பேக்கர் இடத்தில். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறித்து விழுத்தும் வேலை. எதிரணிக்காரன் இடப்பக்கம் போவதுபோல் ஏமாற்றினான். எல்லோரும் இடப்பக்கம் பாய்ந்தார்கள். இவன் மட்டும் பாயவில்லை. ஒரு கணம் சும்மா நின்றான். வந்தவன் நேரே இவன் கைக்குள் வந்து விழுந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவன் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டும், அந்த நீளப் பெயரை நான் வருடக்கணக்கில் கத்தவேண்டும். இருபத்தைந்து வருடத்தில் வேறெதையும் அவ்வளவு ஆசைப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் ஒரு பெண் என்னை மறித்தார்.

"நீங்கள்தானே அந்த ஃபுட்போல் அண்ணை?"

"ஓம்."

"நான் அவன்ர அம்மா." எவன் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. "அண்ணை, கோவிக்காதேங்கோ. பிள்ளையைப் பற்றி நல்லதா ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பெப்ரவரி வரைக்கும் முழங்கால் முழுசா இருக்கவேணும்."

"ஒண்டும் சொல்லமாட்டன், தங்கச்சி."

அவர் போகவில்லை. "சும்மா இருந்தாலும் மனசுக்குள்ள புகழுவியள். ஏலுமெண்டால் குறை பிடிச்சுக் கொஞ்சம் கூடாமல் சொல்லுங்கோவன்."

நாவூறை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். முழங்கால் என்னுடையதாக இருந்தால் நம்பாமல் இருந்திருப்பேன். அன்றே எழுதினேன்: "மந்தமானவன். மற்றவர்கள் ஓடும்போது நிற்கிறான்." அடுத்த கிழமை, தோளில் பலம் போதாது என்றேன். அதற்கடுத்த கிழமை, பெயரைத் தவிர அவனிடம் நீளமானது எதுவும் இல்லை என்றேன். நாவூறு எந்த மொழியில் வரும் என்று தெரியாததால் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதினேன். மனம் ஒன்றை நினைக்க விரல் இன்னொன்றைத் தட்டியது. ஆனாலும் பையன் ஒரு கீறல்கூட இல்லாமல் ஆட்டப் பருவத்தை முடித்தான். தாய் கோயிலில் தூரத்தில் நின்று எனக்குக் கும்பிட்டார்.

பெப்ரவரியில் அவன் ஒப்பம் வைத்தான், எங்கள் பரம எதிரிப் பல்கலைக்கழகத்துக்கு.

நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மோர்க்குழம்பு வைக்கட்டோ?" என்று மனைவி கேட்டாள். எங்கள் வீட்டில் அது சாவீடு அளவுக்கான ஆறுதல்.

இந்த செப்டம்பரில் அந்த அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. முதல் பாதியிலேயே அவன் எங்கள் ஓட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் படுக்கவைத்தான். பக்கத்தில் இருந்த பொறியியலாளர் என் காதுக்குக் குனிந்தார்.

"சார், இப்போ புகழுங்க."

"என்ன?"

"அவன் இப்ப நம்ம ஆள் இல்லையே. ஒரே ஒரு வார்த்தை. 'சூப்பர்'னு வாய்விட்டுச் சொல்லுங்க, போதும். மேட்ச் நம்ம கைக்கு வந்துடும்."

புள்ளிவிவரக்காரர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் அணி, புள்ளி தரும் கோட்டுக்கு ஒரு எட்டு தூரத்தில் வந்து நின்றபோது, கடைசி வாய்ப்பில் ஏமாற்றி ஓடப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை. ஓடி வந்தவன் அவன்மேல் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "மந்தம்! படு மந்தம்!" என்று தமிழில் கத்தினேன். எங்கள் ஆட்கள் நான் அவனைத் திட்டுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினார்கள். அன்று நான் என் அணிக்குத் துரோகம் செய்தேன். சந்தோஷமாகச் செய்தேன். நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் நிற்கும் வேலியோரம் தாய் என்னைக் கண்டு கையைக் காட்டினார். பக்கத்தில் அவன். வேர்வையோடு, கிட்டத்தில் இன்னும் பெரியவனாக.

"அங்கிள், நீங்கள்தானே என்னைப் பற்றி எழுதுறது?" என்றான். அவன் தமிழ் பிரெஞ்சு மூக்கால் வந்தது. "எனக்கு உங்கட யூனிவர்சிட்டிக்கு வரத்தான் விருப்பம். ஆனா அங்க எழுதுற ஒரே ஒரு தமிழ் ஃபேனுக்கே என்னைப் பிடிக்கேல்லை எண்டால், மற்ற ஆக்களுக்கு எப்பிடிப் பிடிக்கும் எண்டு நினைச்சன்."

ஓராண்டாக அந்த முழங்காலைக் காப்பாற்றிய நான், அந்தப் பிள்ளையின் மனதை உடைத்து, அதோடு ஆளையும் எதிரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

தாய் தலையைக் குனிந்தார். "நான்தான், அப்பு, அவரைக் கூடாமல் எழுதச் சொன்னனான். நாவூறு பட்டுப்போடும் எண்டு பயந்து."

"அம்மா! சீரியஸா?" அவன் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. மெதுவாகக் கேட்டான்: "அப்ப உண்மையில என்னைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள், அங்கிள்?"

பருவத்தில் இன்னும் ஆறு கிழமை இருந்தது. தாய் அவனுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார்.

"மோசம், தம்பி" என்றேன். "படு மோசம். இருபத்தைஞ்சு வருசத்தில உன்னை மாதிரி ஒரு மோசமான ஆட்டக்காரனை நான் காணேல்லை. எல்லாரும் பாயேக்குள்ள நீ நிண்டியே, அதைப்போல ஒரு கேவலத்தை நான் என்ர சீவியத்தில..." கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பையனின் முகம் மெல்ல மலர்ந்தது. தாய் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ, அண்ணை" என்றார்.