லிஃப்டக்கா வெட்டிய கல்யாணப் பத்திரிகை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் யாரும் பதற மாட்டார்கள். லிஃப்டக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். தெருவிலிருக்கும் பெரிய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் மெக்கானிக். நீலச் சட்டை, இடுப்பில் டார்ச், தோளில் கருவிப் பை. வந்ததும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். “மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கதவுதான் முரண்டு பிடிக்குது” என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டாலும் முகம் வாடாது. “சரி, என் கணிப்பு தப்பு” என்று சிரித்துக்கொண்டே அடுத்த திருகாணியைக் கழற்றுவார்.

நான் மூன்றாம் மாடி. லிஃப்டக்கா எங்கள் கட்டடத்திலேயே முதல் மாடியில் குடியிருக்கிறார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானும் தாள் மடித்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அந்த வெட்டும் மெஷின் அவர் வீட்டுக்கு வந்தது வாழ்த்து அட்டை செய்வதற்காக இல்லை. பழைய லிஃப்டுகளில் பட்டன் மேலிருக்கும் எண்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோகும். ஐந்தாம் மாடிக்காரர் ஆறாம் மாடியில் இறங்கி, அடுத்தவர் வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டு மல்லுக்கட்டிய கதையெல்லாம் உண்டு. கம்பெனியில் சொன்னால் பட்டன் பலகையையே மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். லிஃப்டக்காவுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஸ்டிக்கர் தாளில் எண்களை வெட்டி ஒட்டினால் தீர்ந்தது. ஒரு ஸ்டேஷனரிக் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அங்கே தூசி படிந்து கிடந்த மெஷினை வாங்கி வந்தார்.

பார்க்க பிரெட் டப்பாவை அகலவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், உள்ளேயிருக்கும் அரிசி முனையளவு பிளேடு அந்தக் கோட்டின் மேலேயே ஓடி வெட்டிவிடும். தாள் நகராமலிருக்கப் பசை தடவிய ஒரு விரிப்பில் அதை ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். ஸ்டிக்கருக்கு மேல்தாள் மட்டும் வெட்டுப்பட வேண்டும். அடித்தாளில் கீறல் விழக் கூடாது. பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கலாம், எவ்வளவு அழுத்தலாம் என்பதை லிஃப்டக்கா ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். தெருவிலுள்ள லிஃப்டுகள் எல்லாம் புது எண்களுடன் பளிச்சென்று ஆகிவிட்டன.

அதற்கப்புறம் மெஷின் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

அவருடைய வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, கிண்டல் அதிகம். கூட வேலை செய்த ஒருவர் வேறு ஊருக்குப் போனபோது, “உன் மெஷின்ல ஒரு அட்டை வெட்டிக் கொடேன், பாக்கலாம்” என்றார். லிஃப்டக்கா மஞ்சள் அட்டையில் ஒரு வேன் வெட்டினார். கதவைத் திறந்தால் ஜன்னலுக்கு ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கும். முதல் அட்டையில் ஜன்னல் கம்பி எல்லாம் கிழிந்து வந்தது. விரிப்பிலிருந்து தாளை உரித்தால் தாள் சுருண்டது. உடனே அதைக் கவிழ்த்துப் போட்டு, தாளிலிருந்து விரிப்பை உரித்தார். தாள் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

“இதை யாரு சொல்லிக் கொடுத்தா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“யாரும் சொல்லல. தாளுக்கு வளையப் பிடிக்கல, விரிப்பை வளைச்சேன். அவ்வளவுதான்.”

அதிலிருந்து பிறந்தநாளா, வேலை மாற்றமா, யாருக்காவது குழந்தை பிறந்ததா, எல்லாவற்றுக்கும் லிஃப்டக்கா வீட்டிலிருந்து அட்டை போனது. எல்லாமே திறக்கும், நகரும், எழுந்து நிற்கும். அசையாத அட்டை அவருக்குப் பிடிக்காது.

இப்போது அவருடைய நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தங்கை. நாற்பத்தாறு வயது, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நான்காம் மாடியில் மூத்த அண்ணனுடன் இருந்தார். அந்த அண்ணனை எல்லோரும் பெரியவர் என்போம். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி சீக்கிரமே இறந்துபோனதால், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அனுப்பியது இந்தத் தங்கைதான். தனக்கென்று ஒரு கல்யாணம் என்ற பேச்சு அந்த இரைச்சலில் எங்கோ அமுங்கிப்போயிற்று.

ஒரு மத்தியானம் லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நாத்தனார் இருந்தார். கூடவே ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒருவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர், மனைவியை இழந்தவர். லிஃப்டக்கா வேறொரு கட்டடத்திலிருந்து ஓடி வந்தார். மேலே போய் மோட்டாரின் பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை மெதுவாக மூன்றாம் மாடிக்கு இறக்கிவிட்டு, கீழே வந்து கதவை இரண்டு கைகளாலும் நெம்பித் திறந்தார். நான் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலுடன் நின்றேன். உள்ளே யாராவது மயங்கிக் கிடப்பார்கள் என்ற பயம் எனக்கு.

இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்த கைக்குட்டை, அதில் ஆரஞ்சுத் தோல். சிரித்துச் சிரித்து நாத்தனாரின் கண்ணில் தண்ணீர்.

எங்களைப் பார்த்ததும், “அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா அண்ணி?” என்றார்.

“வேணும்னா மறுபடியும் நிறுத்தி வைக்கட்டுமா?” என்றார் லிஃப்டக்கா.

அதன் பிறகு நடந்ததை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். சில மாதங்களில் நாத்தனார் அண்ணன்கள் இருவரையும் உட்கார வைத்து, கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். சின்ன அண்ணன், அதாவது வேன்காரர், “ஆரஞ்சு நல்ல பழம்” என்றார். பெரியவர் சிரிக்கவில்லை.

“பண்ணிக்கட்டும். நான் தடுக்கல. ஆனா ரெண்டு பேரும் சத்தமில்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும். இந்த வயசுல பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் கொடுத்தா சிரிப்பாங்க.”

கணவரின் அண்ணனை லிஃப்டக்கா மாமா என்றுதான் கூப்பிடுவார். “சிரிக்கட்டும் மாமா. கல்யாணத்துக்குச் சிரிக்காம வேற எதுக்குச் சிரிக்கறது?” என்றார்.

“உனக்கு எல்லாம் விளையாட்டு.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, “வேண்டாம் அண்ணி, விடுங்க” என்றார்.

லிஃப்டக்கா அப்போது விட்டுவிட்டார். வெளியே மாடிப்படிக்கு வந்ததும் நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உனக்கு வேணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு. அண்ணன் என்ன நினைப்பார், ஊர் என்ன நினைக்கும்னு நான் கேக்கல.”

நாத்தனார் கைப்பிடிக் கம்பியை ஒருமுறை மேலும் கீழும் தடவினார். பிறகு, “வேணும்” என்றார்.

“யார் யாருக்கு?”

“கடையில எல்லாருக்கும். அப்புறம்… ‘உனக்கு இன்னும் ஆகலையா’ன்னு என்கிட்ட கேட்ட எல்லாருக்கும்.”

“அப்படின்னா நிறைய தாள் வாங்கணும்” என்றார் லிஃப்டக்கா.

பத்திரிகை எப்படியிருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று. ஓரத்தில் தொங்கும் ரிப்பனைக் கீழே இழுத்தால், உள்ளே சிறிய லிஃப்ட் ஒன்று மேலே ஏறும். நிஜ லிஃப்டிலும் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டு கீழே இறங்கினால்தானே பெட்டி மேலே போகும்? மேலே போய் நின்றதும், பார்ப்பவர் விரலால் இரண்டு கதவுகளையும் பிரிக்க வேண்டும். உள்ளே இருவர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் கடுகு மாதிரி ஆரஞ்சுப் பழங்கள்.

சொல்வது சுலபம். கனத்த தாளில் பிளேடு திணறியது. ஒரே கோட்டில் இரண்டு தடவை ஓடவிட்டார். மூலைகள் பிசிறடித்தன. பிளேடு முனையில் தாள் நார் சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அலுமினியத் தாளை உருண்டையாக்கி அதில் பிளேடைக் குத்திக் குத்தி எடுத்தார். வெட்டு சுத்தமாக விழுந்தது. ஆனால் லிஃப்ட் மட்டும் பாதியிலேயே நின்றது.

“நிஜ லிஃப்டை அப்படியே வெட்டியிருக்கே” என்றார் வேன்காரர்.

விடுமுறை நாட்களில் அந்த மேசை நிரம்பிவிடும். லிஃப்டக்கா மெஷின் பக்கத்தில். நாத்தனார் சிறிய கொக்கியால் ஜன்னல் துண்டுகளைத் தோண்டி எடுப்பார். கண்ணாடிக் கடை விரல்கள், ஒன்றுகூடக் கிழியாது. வேன்காரருக்குப் பசை வேலை. பிழை திருத்துபவர் ரிப்பன் கோப்பார். என்னைக் கதவு மடிக்க வைத்தார்கள்.

அப்படியொரு நாள் தங்கையைத் தேடிக்கொண்டு பெரியவர் வந்தார். “சாப்பாடு வேண்டாமா உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே, கெட்டுப்போன அட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்து ரிப்பனை இழுத்தார். லிஃப்ட் நின்றது. மறுபடி இழுத்தார்.

“இது மாட்டுது.”

“தெரியும் மாமா. எங்கேன்னுதான் தெரியல.”

பெரியவர் அட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்லத் தேய்த்தார். ஆயுள் முழுக்க ரூபாய் நோட்டுகளை எண்ணிய விரல்கள். “பெட்டி மாட்டல. ரிப்பன் மேலே போய்த் திரும்புதே, அந்த இடத்துல விளிம்பு அறுக்குது. நூல் நூலா வருது பார்.”

லிஃப்டக்கா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “அட, ஆமா. கப்பி வைக்காமலே லிஃப்ட் கட்டியிருக்கேன், நான் ஒரு மெக்கானிக்!” என்று சத்தமாகச் சிரித்தார். உடனே மெல்லிய தாளை வெட்டிச் சுருட்டி, ஒரு குட்டி உருளை செய்து அந்த இடத்தில் ஒட்டினார். இழுத்தால் லிஃப்ட் வழுக்கிக்கொண்டு மேலே போய் நின்றது.

பெரியவர் அதை வாங்கி நாலைந்து தடவை ஏற்றி இறக்கினார். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடிந்த அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்ப்பது அவர் வேலையாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை ரிப்பனிலிருந்து எடுக்காமலே, “இவ போயிட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும்” என்றார்.

நாத்தனார் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு மாடி மேலதான் அண்ணா போறேன். அதுக்கும் லிஃப்ட் இருக்கு.”

“அதான் அடிக்கடி நின்னுபோகுதே.”

“நின்னா இவங்க இருக்காங்க” என்று அண்ணியைக் காட்டினார். பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தார். அன்றைக்கு அவரும் அங்கேயே சாப்பிட்டார்.

அட்டைகள் எல்லாம் முடிந்து, உறையில் போடும் நேரம். பிழை திருத்துபவர் கடைசியாக ஒன்றைத் திறந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

“இதுல ஒரு பிழை இருக்கு.”

“பேர் தப்பா?”

“பேர் சரி. இடம் சரி. தேதி இல்ல.”

எல்லோரும் ஆளுக்கொரு அட்டையைப் பிடுங்கிப் பார்த்தோம். லிஃப்ட் ஏறுகிறதா என்று பார்த்தோமே தவிர, ஒருவராவது எழுத்தைப் பார்க்கவில்லை. பிழை திருத்துகிறவரே இத்தனை நாள் ரிப்பன் கோத்துக்கொண்டு நாத்தனார் முகத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். வேன்காரர், “கல்யாணம் உங்களுக்குத்தானே?” என்று கேட்டுவைத்தார். மனிதர் காதுவரை சிவந்துபோனார்.

லிஃப்டக்கா மட்டும் அசரவில்லை. வெள்ளி நிற ஸ்டிக்கர் தாளை எடுத்து மெஷினுக்குள் அனுப்பினார். சின்ன வட்ட வட்டமாக லிஃப்ட் பட்டன்கள் வந்தன. முதல் பட்டனில் நாள், இரண்டாவதில் மாதம், மூன்றாவதில் மணி. கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டியதும், அது இல்லாமல் அந்த அட்டை எப்படி முழுமையாகத் தோன்றியது என்றே புரியவில்லை.

“முதல்லயே இப்படித்தான் செய்யணும்னு இருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல. ஆனா இனிமே யார் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவேன்.”

பெரியவர் தன் பங்குக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பழைய வங்கி நண்பர்களின் வீடு வீடாகப் போனார். அட்டையை நீட்டிவிட்டுப் பொறுமையில்லாமல், “கீழ இழுங்க, மேல போகும். கதவை நீங்கதான் திறக்கணும்” என்று விளக்குவாராம். யாராவது சிரித்தால், “நல்லா இருக்கில்ல?” என்று கேட்பாராம். சிரிப்பார்கள் என்று பயந்த அதே மனிதர்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் கண்ணாடிக் கடைக்காரர்கள் ஒரு பக்கம், வங்கிக்காரர்கள் ஒரு பக்கம் என்று இடமே கொள்ளவில்லை. பதிவாளர் முத்திரை குத்துவதை மறந்து மேசையில் கிடந்த பத்திரிகையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் காத்திருந்த ஜோடி பொறுமையிழந்து செருமியது. நாத்தனார் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து நிமிர்ந்து முதலில் அண்ணனைப் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டினார், கணக்கு சரி என்பது போல.

இப்போது வெளியாட்களும் லிஃப்டக்காவைத் தேடி வருகிறார்கள். லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமே என்று சொன்னவர்களிடம், “அப்புறம் உங்களை யாரு வெளிய எடுக்கறது?” என்று கேட்டார். போன வாரம் ஒரு இளம் ஜோடி வந்து, அதே மாதிரி லிஃப்ட் பத்திரிகை வேண்டுமென்று நின்றது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“அது அவங்க லிஃப்ட். உங்களுக்கு எப்படி நடந்துச்சு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்களுக்கு ஒண்ணும் பெருசா நடக்கலக்கா. பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில நின்னோம். அவ்வளவுதான்.”

“வரிசையா?” லிஃப்டக்கா நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். “வரிசைன்னா நகருமே! உக்காருங்க. யாரு முன்னாடி நின்னது?”