ஒரு சொம்புக் காற்று

என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்குக் காது சரியில்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பால் வாங்கி வரச் சொன்னால் கேட்காது. குக்கர் விசில் கேட்காது. ஆனால் கராஜில் ஒரு டேங்கில் காற்று கசிந்தால் மாடியில் படுத்திருக்கும் மனுஷன் எழுந்து போய்விடுவார். "என்னமோ சீறுது பிரியா" என்பார். நானும் போய் நிற்பேன். எனக்கு ஒரு மண்ணும் கேட்காது.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். இங்கே நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். ஒருமுறை ஆபீஸ் ஆட்கள் டீம் அவுட்டிங் என்று பெயிண்ட்பால் ஆடக் கூட்டிப்போனார்கள். காட்டுக்குள் ஓடி ஒளிந்து, சாயம் அடைத்த உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. எல்லாரும் சுட்டார்கள். இவர் மட்டும் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு துப்பாக்கி கசிவதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் அந்தக் காடுதான், அந்த மேஜைதான். சுடுவது பேருக்கு.

அந்தத் துப்பாக்கிக்கு உயிரே காற்றுதான். பின்னால் ஒரு சின்ன டேங்க், அதில் அழுத்தி அடைத்த காற்று, அதை அடக்கி அளந்து விடுகிற ரெகுலேட்டர், இடுக்குக்கு இடுக்கு ரப்பர் வளையங்கள். குழல் வழியாகச் சீறினால் உள்ளே ஏதோ ரப்பர் தேய்ந்திருக்கிறது என்பார். டேங்கைத் திருகுகிற இடத்தில் சீறினால் அங்கே இருக்கும் வளையம் போச்சு. சோப்புத் தண்ணீரெல்லாம் வைத்திருப்பார், ஆனால் முதலில் துப்பாக்கியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். பாதித் தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி ஒரு முகம் வரும். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து ஒருநாளும் அந்த முகம் வந்ததில்லை. அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறேன், அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வெங்கடகிருஷ்ணன் வந்து சேர்ந்தது அந்த மேஜைக்குத்தான். வெஸ்ட் வின்ட்சரில் வீடு, வாய் ஓயாத மனுஷர். ஒரு நவம்பர் காலையில் துப்பாக்கியைக் கொண்டுவந்து போட்டு, "காத்து ஃபுல்லா இருக்கு, சுடவே மாட்டேங்கறது" என்றார். இவர் பிரித்தார். முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதுல என்ன எண்ணெய் போட்டீங்க?"

"தேங்காண்ணெய். சுத்தமான செக்கு எண்ணெய்."

நியூ ஜெர்சிக் குளிரில் அந்தச் சுத்தமான செக்கு எண்ணெய் உள்ளே வெள்ளையாக உறைந்து, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துவைத்திருந்தது. வெதுவெதுப்பான துணியால் துடைத்துத் துடைத்து எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். ஒருத்தருக்குப் பேச வேண்டும், ஒருத்தருக்குப் பேசாமல் இருக்க வேண்டும். நல்ல பொருத்தம்தான்.

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, அடுத்த வாரத்துக்கு ஆகட்டும் என்று வெங்கி டேங்கை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவர் இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். காரியங்கள் முடிந்து வந்ததும் நஞ்சுண்டன் தன் துப்பாக்கியைப் பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்லையா கட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அக்டோபரில் வெங்கியின் மனைவி காமாக்ஷி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வரும்போது ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவருவாள். அன்றைக்குக் கையில் சால்வையில் சுற்றிய டேங்க் இருந்தது. மேஜைமேல் வைத்து, கைக்குழந்தையின் முகத்தை மட்டும் திறந்து காட்டுகிற மாதிரி, மீட்டர் இருக்கும் பக்கத்தில் சால்வையை விலக்கினாள்.

"அவர் நிரப்பினது. தினம் காத்தால முள்ளைப் பார்ப்பேன். இப்ப இறங்கிண்டே வரது. எப்படியாவது நிறுத்திக் குடுங்கோ."

"குளிரா இருக்கலாம்ங்க" என்றார் இவர். "கராஜ்ல இருந்தா காத்து சுருங்கும். முள்ளு இறங்கின மாதிரி காட்டும்."

ஹீட்டர் பக்கத்தில் வைத்தோம். சாயங்காலம் முள் ஒரு மயிரிழை ஏறியிருந்தது. காமாக்ஷி அன்று எங்கள் வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டாள். மறுநாள் முள் மறுபடி இறங்கியது.

அப்புறம்தான் சோப்புத் தண்ணீர், காமாக்ஷியும் வந்திருந்தாள். ஜன்னல் பக்கம் டேங்கை வைத்து, ஒவ்வோர் இணைப்பாகப் பிரஷ்ஷால் தடவினார். மீட்டரில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. காற்று ஏற்றுகிற முனையில் மட்டும் ஒரு குமிழி வந்தது. அவசரமே இல்லாமல் பெரிதானது. வெளியே மேப்பிள் மரத்து மஞ்சளெல்லாம் அதற்குள் வளைந்து தெரிந்தது. அந்தக் குமிழிக்குள் இருப்பது வெங்கி பிடித்துவைத்த ஏப்ரல் மாசக் காற்று. அது உடைந்ததும் காமாக்ஷி அந்த இடத்தில் விரலை வைத்தாள். அடுத்த குமிழி அவள் விரலோரமாக வந்தது.

"நிறுத்திடலாமா?" என்றாள்.

"பாக்கறனுங்க" என்றார்.

ஒரு வாரம் டேங்க் எங்கள் வீட்டில்தான் இருந்தது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த முனைக்குள் ஒரு துளி ரப்பர் தேய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் காற்று இருக்கும்போது அதைக் கழற்றினால் முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து ஆளையே எடுத்துவிடும். மாற்ற வேண்டுமென்றால் முதலில் எல்லாக் காற்றையும் விட வேண்டும். விடாமல் வைத்திருந்தாலோ, அது தானாகவே போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு இந்த மாதிரி மென்று விழுங்குவதெல்லாம் ஆகாது. "ஏனுங்க, கொண்டுபோய் காத்தடிக்கற மிஷின்ல கொஞ்சம் ஏத்திக் குடுத்துருங்க. முள்ளு மேல போயிரும். காத்துல பேரா எழுதியிருக்குது? காமாக்ஷிக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே பிரியா" என்றார்.

காமாக்ஷியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். டேங்கைச் சால்வையில் சுற்றினாள். ஊற்றிவைத்த காப்பியைத் தொடாமல் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் என் போனையும் எடுக்கவில்லை.

அவளே ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் வீட்டுத் தயிரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ஐசலினில் ஒரு சிநேகிதி கொடுத்த உறைமோர், அதிலிருந்து தயிர், அந்தத் தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து மறுநாள் பாலுக்கு உறை. இன்றுவரை விட்டதில்லை. எங்கள் வீட்டுத் தயிரும் அந்த வம்சம்தான்.

"அவர்கிட்ட ஒண்ணு கேளு. முள்ளு ஜீரோவுக்கு வந்துடுத்துன்னா உள்ள ஒண்ணுமே இருக்காதா?"

ஸ்பீக்கரில் போட்டேன். நஞ்சுண்டன் போன் பக்கம் குனிந்தார்.

"இருக்கும்ங்க. வெளிய இருக்கற காத்துக்குச் சமமா உள்ளயும் இருக்கும். மீட்டர் அதைக் காட்டாது. அவ்வளவுதான்."

"எவ்வளவு இருக்கும்?"

"டேங்க் கொள்ளற அளவு. ஒரு சொம்பு வெச்சுக்கங்க."

"அவர் காத்தா?"

"அவரோடதுதாங்க."

போனில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்புறம் காமாக்ஷியின் குரல் வந்தது. "ஒரு சொம்பு எதுக்கு? உறைக்கு ஒரு ஸ்பூனே போறுமே."

இருக்கிற காற்றைச் சுட்டுத் தீர்த்து, முனையை மாற்றி, மிச்சமிருக்கும் அந்தச் சொம்புக் காற்றோடு புதுக் காற்றை ஏற்றுவது என்று முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். காடு முழுக்கப் பனிமூட்டம். மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. தூரத்தில் யாரோ சுடும் சத்தம் வேறொரு நாளிலிருந்து வருவது போல மெத்தென்று வந்தது. காமாக்ஷி புடவையைக் கட்டிக்கொண்டு வருவாளோ என்று பயந்திருந்தேன். ஜீன்ஸும் வெங்கியின் ஜாக்கெட்டும் போட்டு வந்தாள், கை விரல் மறைகிற அளவுக்குப் பெரிசு. நஞ்சுண்டன் வெங்கியின் துப்பாக்கியில் டேங்கைத் திருகிக் கொடுத்தார். அவள் அதை முகர்ந்து, "இன்னும் தேங்காண்ணெய் வாசனை" என்றாள். எனக்கு வரவில்லை.

எதிரே ஒரு பழைய தகர டிரம். அவள் சுட்டாள். முதலில் மரத்தில் பட்டது, பிறகு எதிலுமே படவில்லை, பிறகு டிரம்மில் மஞ்சள் மஞ்சளாகத் தெறித்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மூச்சுச் சத்தம். சிரித்தாளா அழுதாளா என்று முகக்கவசத்துக்குள் எனக்குத் தெரியவில்லை. போகப் போக உருண்டைகள் தாழ்ந்து விழுந்தன. கடைசி உருண்டைக்குப் பறக்கத் தெம்பில்லை. குழலிலிருந்து மெள்ள உருண்டு வந்து, உடையாமல், அவள் காலடிப் புல்லில் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

மிச்சத்தை நஞ்சுண்டன் மெதுவாகச் சீற விட்டார். சத்தம் மெலிந்து மெலிந்து நின்றது. முள் ஜீரோவில். மேஜையில் வைத்துப் பழைய முனையைக் கழற்றியதும் அந்தச் சின்ன ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். விஞ்ஞானப்படி இதெல்லாம் சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் இன்ஜினியர், அவருக்குத் தெரியும்.

காமாக்ஷி புது முனையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வாங்க வேண்டிய மனுஷன் வாங்கவில்லை. கட்டைவிரல் அழுத்தி அழுத்தி நகம் வெளுத்துவிட்டது. பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, துடைக்கக் கையில்லை. கல் என்று நினைத்தேனே, அந்தக் காற்று அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

பனிமூட்டத்தில் நாங்கள் அப்படியே நின்றோம். அப்புறம் காமாக்ஷிதான் அவர் கையைத் தொட்டாள்.

"விரலை எடுங்கோ நஞ்சுண்டன்" என்றாள். "போகாது."