உருகிய உப்பும் கொழுத்த இரும்பும்

அந்த வேர்க்‌ஷொப்புக்குள் கால் வைத்ததும் தொண்டை கரிக்கும். வெளியே துறைமுகத்து உப்புக் காற்று... உள்ளே அதைவிட மோசம். பெரிய இரும்புப் பானையில் உப்பு உருகிச் செக்கச்செவேலென்று கிடக்கும். படகு எஞ்சின் பாகங்களை அதில் தோய்த்து உரமேற்றுவார்கள்.

படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை எனக்கு. உருகிய உப்பு இரும்பைத் தின்னும். பானையின் அடி எவ்வளவு தேய்ந்தது என்று சூட்டில் பார்க்க முடியாது. அதனால் அதே இரும்பில் வெட்டிய துண்டுகளைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் நசீர் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் ஒன்றை எடுத்துத் தருவார். ஆறியதும் கழுவி நிறுப்பேன்; குறைந்த எடைதான் பானை தேய்ந்த கணக்கு.

நானா குறிஞ்சாக்கேணிக்காரர். நாள் முழுக்கப் பானையருகே நிற்பவர். பானையின் அடி விட்டுப்போனால் உருகிய உப்பு அத்தனையும் அவர் காலில்தான்.

ஒரு வெள்ளி, துண்டின் எடை குறையவில்லை... கூடியிருந்தது! முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா பிள்ளை, இரும்பு கொழுத்திருக்கு. இனி என்ன பயம்?"

எனக்கு உறுத்தியது. துண்டின் மேல் கறுப்பாக ஒரு பொருக்கு. சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. கொழுத்தது இரும்பு இல்லை, துரு. உள்ளே மிஞ்சியது மெல்லிய தகடு.

முதலாளியிடம் காட்டினேன்.

"இந்த ஓர்டர் முடியட்டும், பிறகு பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் துண்டை வாங்கி விரலால் வளைத்தார். வளைந்தது.

"இனி இதுக்குப் பக்கத்தில நிக்க ஏலாது, தங்கச்சி."

உப்பை அள்ளி வெளியே ஊற்றினார். அடுப்பை நிறுத்தினார். முதலாளி கத்தக் கத்த, சேர்ட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதலாளியே வெறும் பானையின் அடியைச் சுத்தியலால் தட்டினார். சுத்தியல் மறுபக்கம் வந்துவிட்டது. அன்றைக்கே புதுப் பானைக்குச் சொல்லிவிட்டார்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் உப்புக்குள்ளேயே சென்சர். இரும்பு கரையும் வேகம் போனிலேயே தெரியும். ஆபத்தென்று சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் சென்சரைத்தான் சந்தேகப்படுவோம். பிறகு மீட்டிங்... அடுப்பை நிறுத்து என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் மூதூர் பஸ்ஸில் இருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. நரைத்த தாடியோடு ஒருவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து தாவி ஏறினார். நசீர் நானா!

"என்ன நானா, இந்த வயசிலயும் இந்த ஓட்டமா?"

மூச்சு வாங்கச் சிரித்தார்.

"கால் இருக்குத்தானே, தங்கச்சி."