என் காலடி மண்

நாலு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரியில் முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தில் நடந்தது இது. அப்போது நான் குழந்தைகள் நலம் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் இருந்தேன். கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறதே, அது வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் எடை பார்ப்போம், வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரிப்போம், சின்ன டப்பாவில் மலம் வாங்கி வருவோம். சாப்பாட்டு நேரத்தில் என் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

அந்தக் குப்பத்தில் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று. பிறக்கும்போதே எடை குறைவு. அவளுடைய அம்மா மீன் விற்கப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டு பிள்ளையைத் தேற்றி வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினில் வைத்தால் எட்டு கிலோவைத் தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் குரலும் சின்னக் குரல் இல்லை. எட்டு கிலோ நூறு, இந்தத் தெருவிலேயே இவள்தான் ஃபர்ஸ்ட் என்று குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என்னோடு களப்பணிக்கு வரும் உள்ளூர் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதியாம். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லையாம். ஆனால் அம்மா கதவைத் திறக்கவில்லை, இனிமேல் நம் ஆட்கள் யாரும் வரவே கூடாது என்கிறார் என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மா ஜன்னல் வழியாகத்தான் பேசினார். கோபம்கூட இல்லை, தூக்கமில்லாத குரல்.

"தெருவே கேக்க எட்டு கிலோன்னு சொன்னீங்க மேடம். மறுநாளே புள்ளைக்கு வயிறு பிச்சிக்கிச்சி. உங்க கண்ணுதான் பட்டுடுச்சி. சாயங்காலம் மந்திரிக்கத் தூக்கினு போறோம். நீங்க போங்க."

அவர் தோளில் குழந்தை துவண்டு கிடந்தாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. சாயங்காலம் வரை தாங்குகிற உடம்பு இல்லை அது. கிருமி, நீரிழப்பு என்று பாடம் எடுக்க வாய் வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை பிசகினால் அந்த ஜன்னலும் சாத்திக்கொள்ளும் என்று பயந்தேன். என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் வெறுங்காலோடு நின்றேன்.

"என் கண்ணுதான்னா என் காலடி மண்ணை எடுத்துச் சுத்திப் போடுங்க. நான் இங்கயே நிக்கிறேன். முடிஞ்சதும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

கண் வைத்தவரின் காலடி மண்ணை அவருக்குத் தெரியாமல்தான் எடுப்பது வழக்கம். தானாக வந்து காலைக் காட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கதவு திறந்தது.

மண், உப்பு, மிளகாய் சேர்த்துக் குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே இருந்த வெந்நீர் அடுப்பில் போட்டார். அதற்குள் நான் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைத் தண்ணீரில் கலந்து, அக்கா மடியில் இருந்த குழந்தைக்குக் கரண்டியால் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். மிளகாய் எரிந்து கருகியது. நெடியே வரவில்லை, ஒருத்தரும் இருமவில்லை. அப்படியானால் கண் பட்டது உண்மைதான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். ஆட்டோவில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் குழந்தை தன் துணியை நனைத்தாள். ஓர் ஈரத்துணியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அந்தத் துணியை மாற்றிக்கொண்டே அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். "எடை பாத்த அன்னைக்கே சொல்ல வந்தேன் மேடம், குழாத் தண்ணி கலங்கலா வருது, நாத்தம் அடிக்குதுன்னு. நீங்க கிலோவையே பாத்துனு இருந்தீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எந்தக் காரணத்தைத் தேடி வாராவாரம் டப்பாவோடு அலைந்தேனோ, அதை அவரே சொல்ல வாயெடுத்திருக்கிறார். என் சத்தத்தில் அது அமுங்கிப் போயிருக்கிறது. அன்றே தெரு முழுக்கப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னோம். புகார் கொடுத்ததில் சில நாளில் குழாயும் சரியானது. அதன்பின் அந்த வீட்டில் எனக்குக் கதவு சாத்தப்படவே இல்லை.

அந்தக் குழந்தை இந்த வருஷம் யு.கே.ஜி. படிக்கிறாள், வாயும் என்னைப் போலவே நீளம். அவளுக்கு என் கண் பட்டதா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் பட்டது என்றுதான் சொல்வேன். பேச வந்த தாயை விட்டுவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குச் சுத்திப் போட்டது நியாயம்தானே.