இரண்டு பிரதிகளில் எழுதிய முறைப்பாடு

சில வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம். திருகோணமலையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு பெண் பத்திரிகையாளர் மூன்று வாரம் வாடகைக்கு இருந்தார். நான் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுத்து வேலை பார்த்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன். அறையை வாடகைக்கு விடவும் ஒரு படிவம் வைத்திருந்தேன். அதில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் அவர் 'கடவுளைத் தேடுதல்' என்று எழுதினார். நான் அதை வெட்டி, 'சுற்றுலா' என்று திருத்திக்கொண்டேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சிறுவயதிலேயே பெற்றோருடன் வெளிநாடு போனவர். அங்கே ஒரு பத்திரிகைக்காகப் போர்களையும் தேர்தல்களையும் பற்றி எழுதியவர். தாயார் இறந்தபின் வேலையை விட்டுவிட்டு, ஏழு வருடமாக நாடு நாடாகத் திரிந்தார். துருக்கியில் சுழன்றாடும் சூஃபிகளுடன் இருந்திருக்கிறார். ஜப்பானில் சுவரைப் பார்த்து உட்காரும் துறவிகளுடன் தானும் ஒரு குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறார். எகிப்துப் பாலைவனத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார். எல்லாவற்றையும் குறிப்பெடுத்துப் புத்தகமாக்குவதுதான் திட்டம். திருகோணமலை கடைசி அத்தியாயம்.

கோணேசர் கோயிலில் அதிகாலைப் பூசை, கிண்ணியாப் பள்ளிவாசலில் திரைக்குப் பின்னால் பெண்களோடு இருந்து கேட்கும் திக்ரு ஓதல், எல்லாவற்றுக்கும் நான்தான் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். யாரிடம் அனுமதி கேட்பது, எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லாம் அதில் இருந்தது. ஞானம் கிடைக்கும் நேரத்தை மட்டும் குறிக்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் பொழுதுபடும் நேரம், மாடி விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஏழு வருசம். எல்லா வாசலிலயும் நிண்டு பாத்திட்டன். உள்ளுக்குப் போகத்தான் ஏலாமல் கிடக்கு."

"வாசலில ஒரு விண்ணப்பப் படிவம் தந்திருப்பாங்களே. நிரப்பிக் குடுக்கேல்லையோ?" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை. கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் பேப்பரில் மிச்சமிருந்த செய்தியை வாசித்து முடித்தேன்.

அடுத்தநாள் காலை ஏழு மணிக்கு மனைவி தேநீர் கொண்டு மேலே போனாள். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. மேசையில் கடவுச்சீட்டு, கைத்தொலைபேசி, அறைத் திறப்புக் கொத்து எல்லாம் வரிசையாக இருந்தன. குறிப்பேடும் திறந்தபடி இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'இனித் தேட ஒன்றுமில்லை.'

அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். 

இந்த இடத்தில் வேறு எவராக இருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பார். நான் என் மேசைக்குப் போனேன். 'காணவில்லை' என்று போர்க்காலத்தில் இந்த நாட்டில் எழுதப்பட்ட எத்தனையோ கடிதங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு பிரதி குறைந்ததற்காக, ஒரு கையொப்பம் இல்லாததற்காக, பெற்ற தாய்மார் திரும்பத் திரும்ப வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஆகவே பொலிசுக்குக் கொடுக்கும் என் முறைப்பாட்டில் பிழை இருக்கக்கூடாது என்று நினைத்தேன். உயரம், நிறம், உடை, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் இரண்டு பிரதிகளில் எழுதினேன். கடவுச்சீட்டை நகலெடுக்கக் கடை திறக்கும்வரை காத்திருந்தேன். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கினேன்.

"இஞ்சருங்கோ, ஆளைத் தேடாமல் பேப்பரைத் தேடிக்கொண்டு திரியிறியள்!" என்று மனைவி வாசலில் நின்று கத்தினாள்.

"முறைப்படி செய்தால்தான் ஆளும் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் கடமையில் இருந்த சார்ஜன்ட் என் கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மெச்சுகிற மாதிரித் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு ஐயா. உங்கட வீடு டச் பே கடற்கரைக்குக் கிட்டத்தானே? கரையில போய்ப் பாத்தனீங்களோ?"

வீட்டிலிருந்து கடற்கரை ஐந்து நிமிட நடை. நான் மூன்று மணித்தியாலமாக அதற்கு எதிர்த்திசையில் அலைந்திருக்கிறேன்.

"இல்லை," என்றேன். கச்சேரி நாட்களிலிருந்து அதுவரை நான் சொன்ன மிகச் சிறிய பதில் அதுதான்.

"முதல்ல ஓடுங்கோ. நான் ஆளை அனுப்புறன். எழுதுறது பிறகு."

ஓடினேன். அறுபத்தாறு வயது மனிதன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரையில், ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தில், ஒரு சோடிச் செருப்புக் கிடந்தது. அறுந்துபோன இடதுகால் வாரை ஓர் ஊசி சேர்த்துப் பிடித்திருந்தது. அந்த ஊசியைக் கொடுத்தவளே என் மனைவிதான். கடலைப் பார்த்தேன். அது பாட்டுக்கு அமைதியாகக் கிடந்தது. 'வாசலில ஒரு விண்ணப்பப் படிவம்' என்ற என் குரல் எனக்கே காதில் கேட்டது.

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நீளக் கயிறு, ஆட்கள் வரிசையாக. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய் மூச்சு வாங்க, "தம்பி, இஞ்ச ஒரு பொம்பிளை..." என்று தொடங்கினேன்.

"கதையைப் பிறகு கதைப்பம் ஐயா, வலைமடி கிட்ட வந்திட்டுது! கயிறைப் பிடியுங்கோ! ரெண்டு பேர் கலியாண வீட்டுக்குப் போயிட்டாங்கள், இழுக்க ஆள் காணாது!"

"நான் ஒரு ஆளைத் தேடி..."

"பிடியுங்கோ எண்டு சொல்லுறன்!"

வலை கரையேறும் நேரம் அங்கே நிற்பவர் எவரானாலும் கை கொடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் கிடையாது. கோப்பை மணலில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கண் நிறைந்துவிட்டதால் எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவரைச் சரியாகத் தெரியவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, தலைமுடியெல்லாம் மணலாக ஓர் உருவம். அது திரும்பிப் பார்த்தது.

"ஐயா! நீங்களும் வந்திட்டீங்களா? குதிக்காலை ஊண்டி இழுங்கோ, அப்பதான் இடுப்புப் பிடிக்காது."

நான் தேடி வந்த அதே ஆள்தான். இழுத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மீனோடு மடி கரையேறிய பிறகு மணலில் உட்கார்ந்து, அந்தக் கடைசி வரியைக் கேட்டேன். அவர் நெற்றியில் கை வைத்தார்.

"ஐயோ, அதுவா? புத்தகம் எழுதிறேல்லை எண்டு ராத்திரி முடிவெடுத்தனான். விடிய ஒண்டையும் தூக்காமல் நடக்க வேணும் போல இருந்தது. இந்தச் சம்மாட்டி என்னைக் கண்டதும் 'அக்கா, வந்து பிடி' எண்டு கூப்பிட்டார். பேர்கூடக் கேக்கேல்லை."

"என்ன கிடைச்சது?"

இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். கொப்புளம் போட்டுச் சிவந்திருந்தன. "எரியுது. ஆனால் ரெண்டு மணித்தியாலம் எனக்குள்ள ஒரு கேள்வியும் வரேல்லை ஐயா."

சம்மாட்டி இரண்டு பொலித்தீன் பைகளில் மீன் கொண்டுவந்தார். நான் பத்து நிமிடம்தானே பிடித்தேன் என்று மறுத்தேன்.

"பிடிச்சனீங்கள்தானே? கொண்டு போங்கோ. அதுசரி, யாரையோ தேடி வந்தனீங்கள். கிடைச்சிட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

அந்தக் கரைக்கே எங்களைத் தேடி வந்த பொலிஸ்காரருக்கும் ஒரு பை மீன் கிடைத்தது. அவரும் கடைசி நேரத்தில் வந்து கயிற்றின் வால்பகுதியைக் கொஞ்சம் பிடித்திருந்தார்.

அந்த முறைப்பாட்டின் இரண்டு பிரதிகளும் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன. எந்தப் பிழையும் இல்லை. 'கடைசியாகக் கண்ட இடம்' என்பதற்கு நேரே, 'எமது மாடி விறாந்தை' என்று அழகான எழுத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே எனக்கு எதிரே இருந்து ஒருவர் மனம் திறந்தபோது நான் பேப்பர் வாசித்தேன். அதற்குரிய விலையை அந்தக் காலைப்பொழுது என்னிடம் வாங்காமல் விட்டது. ஆகவே இப்போதெல்லாம் யாராவது என் எதிரே வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினால், பேப்பரை மடித்து வைத்துவிடுகிறேன்.